மானுடவியல் ஆன்லைன் படிப்பில் நான் ஏமாந்தது: பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்

மானுடவியலை அரிச்சுவடியிலிருந்து கற்றுத் தருவதாகச் சொன்ன ஓர் ஆன்லைன் சான்றிதழ் படிப்பில் கடந்த ஜனவரியில் சேர்ந்தேன். நான்கு மாதப் படிப்பு, கட்டணம் 14,800 ரூபாய். இரண்டு தவணைகளையும் கட்டிவிட்டேன். நுகர்வோர் புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் இதே மாதிரி விளம்பரம் உங்கள் கைப்பேசிக்கும் வரலாம் என்பதால் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

நான் திருச்சியில் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன். படித்தது வணிகவியல். சித்தப்பா மகன் எனக்கு அண்ணன், மாமா மகன் முறைப்பையன். இருவருமே ரத்த உறவு, நெருக்கமும் ஒன்றுதான். பிறகு ஏன் ஒருவனை மணக்கலாம், இன்னொருவனை மணப்பதை நினைத்துப் பார்க்கவே கூடாது? சிறுவயதில் பாட்டியிடம் கேட்டேன். "முறை அப்படி" என்று முடித்துவிட்டாள். இதை ஆராய மானுடவியல் என்று ஒரு துறையே இருக்கிறது என்று நாற்பது வயதில் தெரியவந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. அந்த ஆர்வத்தைத்தான் இவர்கள் காசாக்கினார்கள்.

விளம்பரத்தின் கீழே ஐஎஸ்ஓ 9001 முத்திரை, "மத்திய அரசின் எம்எஸ்எம்இ பதிவு பெற்றது" என்ற வரி, அசோகச் சின்னம் போலவே தெரியும் ஒரு படம். படித்து முடித்தால் அருங்காட்சியக வேலைக்கும் பழங்குடி நலத் துறை வேலைக்கும் விண்ணப்பிக்கலாம் என்று தொலைபேசியில் பேசிய பெண் சொன்னார். நான் நம்பிவிட்டேன். ஐஎஸ்ஓ 9001 என்பது ஒரு நிறுவனத்தின் நிர்வாக முறைக்குத் தருவது. எம்எஸ்எம்இ பதிவு என்பது அது ஒரு சிறுதொழில் என்பதற்கு மட்டுமே சான்று. மாவு மில்லும் அந்தப் பதிவை வாங்கலாம். பாடத்தின் தரத்துக்கும் இவற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

நேரலை வகுப்புகள் ஆறு என்றார்கள், நடந்தவை இரண்டு. மற்றதெல்லாம் பதிவு செய்த காணொளிகள். திரையில் உள்ள வரிகளை ஒருவர் அப்படியே வாசிப்பார். நான் காத்திருந்த உறவுமுறைப் பாடம் ஒன்பதே நிமிடம். சந்தேகங்களை வாட்ஸ்அப் குழுவில் கேட்கச் சொன்னார்கள். அந்தக் குழுவில் நிர்வாகியைத் தவிர வேறு யாராலும் எழுத முடியாது.

இதோடு போயிருந்தால் பணம் போனது என்று விட்டிருப்பேன்.

மூன்றாவது மாதம் "இந்திய இனங்கள்" என்ற பாடம் வந்தது. மூக்கின் அகலத்தை அதன் உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது மூக்குக் குறியீடு. அதை வைத்து ஒருவர் எந்த இனம், எந்தச் சாதிப் படிநிலை என்று கணிக்கலாம் என்றார்கள். இன்றைய அறிவியல் என்றே சொன்னார்கள். பயிற்சி என்ன தெரியுமா? அக்கம்பக்கத்தில் பத்துப் பேரின் மூக்கை அளந்து, பெயர், கைப்பேசி எண், சாதி, உட்சாதி, முகத்தின் புகைப்படம் எல்லாவற்றையும் இணையப் படிவத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றினால்தான் அடுத்த பாடம் திறக்கும்.

வீட்டில் நான்கு பேருடைய விவரங்களை ஏற்றினேன். ஐந்தாவதாக எங்கள் தெருமுனையில் இஸ்திரி போடும் பெரியவரைக் கேட்டேன். பதினைந்து வருடப் பழக்கம். "படிப்புக்கா அம்மா? தாராளமாக" என்று சொல்லி, குழாயில் முகம் கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தார். அளக்க வேறு கருவி இல்லாமல் மகனின் ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து டிவைடரை எடுத்து வந்திருந்தேன். அதன் இரண்டு கூர்முனைகளும் அவர் கண்ணுக்குக் கீழே போனபோது அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அளந்து முடித்துப் படிவத்தின் அடுத்த கேள்வியைப் படித்தேன். "அது எதற்கம்மா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. சற்று நேரம் இருந்துவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டிக்குப் போய்விட்டார். அடுத்த வாரம் துணிகளைக் கொண்டுவந்து கொடுத்தது அவருடைய பேரன்.

அன்று இரவுதான் நானாகத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். மூக்கை அளந்து சாதியை வரிசைப்படுத்தியது 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ரிஸ்லி. நம் சென்னையில் அரசு அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டனும் அளவுகோலோடு இதையே செய்தவர். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய அவரது ஏழு தொகுதிகள் 1909-ல் வெளிவந்தன. இரண்டே ஆண்டுகளில், 1911-ல், அமெரிக்காவில் ஃபிரான்ஸ் போவாஸ் என்ற மானுடவியலாளர் குடியேறிகளும் அவர்கள் பிள்ளைகளுமாகச் சுமார் 18,000 பேரை அளந்து, அமெரிக்க மண்ணில் பிறந்த பிள்ளைகளின் தலைவடிவமே பெற்றோரிடமிருந்து மாறுவதைக் காட்டினார். மாறாதது என்று நம்பப்பட்ட அளவு ஒரே தலைமுறையில் மாறியது. 1972-ல் மரபியலாளர் லெவோன்டின் கணக்கிட்டபோது, மனிதர்களுக்குள் இருக்கும் மரபு வேறுபாட்டில் ஏறக்குறைய 85 சதவீதம் ஒவ்வொரு மக்கள்கூட்டத்தின் உள்ளேயே இருப்பது தெரிந்தது, கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் இடையில் இருப்பது கொஞ்சமே. ரிஸ்லியைப் படிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நல்ல ஆசிரியர் அவரைத் துறையின் வரலாறாகச் சொல்லித் தருவார், அவர் எங்கே தவறினார் என்பதோடு. என்னிடம் பணம் வாங்கியவர்கள் அந்தப் பாதியை வெட்டிவிட்டு, டிவைடரை என் கையில் கொடுத்து ஒரு முதியவரின் முகத்துக்கு முன்னால் அனுப்பினார்கள். எதற்காகக் கேட்கிறோம், தகவல் எங்கே போகும் என்று முதலில் சொல்லி, எதிரில் இருப்பவர் சம்மதித்த பிறகே கேட்பது களப்பணியின் அரிச்சுவடி. சம்மதம் என்ற சொல்லே எங்கள் பாடத்தில் வரவில்லை.

இதையெல்லாம் காசில்லாமல் கற்க முடியும் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் மானுடவியல் பாடநூல்கள் இ-ஞானகோஷ் தளத்தில் முழுதாக இருக்கின்றன. மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் பாடம் இலவசம், தேர்வு எழுதுகிறவர் மட்டும் கட்டணம் கட்டினால் போதும். அமெரிக்கச் சமுதாயக் கல்லூரி ஆசிரியர்கள் தொடக்க நிலை மாணவர்களுக்காக எழுதிய பண்பாட்டு மானுடவியல் நூலும் உயிரியல் மானுடவியல் நூலும் இலவசமாகக் கிடைக்கின்றன. எளிய ஆங்கிலம்தான், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் படிக்கிறேன்.

பாட்டியிடம் நான் கேட்ட கேள்விக்கும் அங்கேதான் வழி பிறந்தது. அப்பாவின் சகோதரரையும் அப்பா என்றும் அம்மாவின் சகோதரியையும் அம்மா என்றும் அழைக்கும் முறை அமெரிக்கப் பூர்வகுடிகளான செனெகா மக்களிடம் உண்டு. நம் பெரியப்பா, சித்தப்பா, சின்னம்மா எல்லாம் அதே கணக்கு. சித்தப்பாவே ஓர் அப்பா என்றால் அவர் மகன் அண்ணன்தானே! மாமா அந்த வரிசையில் வரமாட்டார். தமிழ் உறவுச் சொற்களுக்கும் செனெகா சொற்களுக்கும் உள்ள இந்த ஒற்றுமையை அமெரிக்க மானுடவியலாளர் லூயிஸ் ஹென்றி மார்கன் 1871-லேயே நூலாக எழுதிவிட்டார். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒன்பது நிமிடக் காணொளியில் இதில் ஒரு வரி இல்லை.

சேர நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் ஒரு முழுப் பாடத்தைக் காட்டச் சொல்லுங்கள், முன்னோட்டக் காணொளி போதாது. ஆசிரியர் மானுடவியலில் எங்கே பட்டம் பெற்றார் என்று கேளுங்கள். பட்டப்படிப்பு என்று சொன்னால், பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் படிப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பணத்தைத் திருப்பித் தரும் விதியை எழுத்தில் வாங்குங்கள். அடுத்தவர் சாதியையும் எண்ணையும் புகைப்படத்தையும் ஏற்றச் சொன்னால், அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

பணத்தைக் கேட்டேன், விதிமுறைப்படி திருப்பித் தர இயலாது என்று ஒரு வரி பதில் வந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். பணத்தைவிட முக்கியமாக, நான் ஏற்றிய நான்கு பேரின் விவரங்களையும் அழிக்கக் கேட்டு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்பினேன். கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டதாக அஞ்சல் துறைத் தளம் காட்டுகிறது. பதில் இதுவரை வரவில்லை. பெரியவரிடம் போய், அவருடைய பெயரையும் எண்ணையும் நான் எங்கும் ஏற்றவில்லை என்று சொன்னேன். "சரிம்மா" என்று தலையசைத்துவிட்டு, இஸ்திரிப் பெட்டிக்குக் கரி போடத் திரும்பிக்கொண்டார்.