'ஜீசஸ் ஃப்ரீக்'கா, ஜார்ஸ் ஆஃப் க்ளேயா? 1995-இன் இரண்டு ஆல்பங்கள்

அமெரிக்கக் கிறிஸ்தவ ராக் இசையில் 1995-ஐப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு ஆல்பங்கள் எதிரெதிரே வந்து நிற்கும். ஒன்று டிசி டாக்கின் 'ஜீசஸ் ஃப்ரீக்'. மற்றது, ஜார்ஸ் ஆஃப் க்ளே தங்கள் பெயரையே தலைப்பாக வைத்து வெளியிட்ட முதல் ஆல்பம். இரண்டும் அமெரிக்காவில் டபுள் பிளாட்டினம், அதாவது 20 லட்சம் பிரதிகள். விற்பனை ஒரே அளவு என்றாலும், வாங்கிய வசவு நேர்மாறானது. முதலாவதில் சேதி பளிச்சென்று இருக்கிறது, சத்தம்தான் இரவல் என்றார்கள். இரண்டாவதில் சத்தம் நன்றாக இருக்கிறது, சேதிதான் மங்கல் என்றார்கள். இரண்டு குறையிலும் பாதிதான் உண்மை.

இரவல் சத்தத்தை முதலில் பார்க்கலாம். டிசி டாக்கின் டோபி மெக்கீஹன், மைக்கேல் டெய்ட், கெவின் மேக்ஸ் மூவரும் வர்ஜீனியாவின் லிபர்ட்டி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்கள். தொடக்கத்தில் அது ஒரு ராப் குழு. 1992-இல் வந்த 'ஃப்ரீ அட் லாஸ்ட்'டிலும் ராப்பும் பாப்பும்தான் பிரதானம். அடுத்த ஆல்பத்திலேயே கிரஞ்ச் (அப்போது புகழில் இருந்த கரடுமுரடான ராக்) கிட்டார் என்றால் சந்தேகம் வரத்தானே செய்யும்? தலைப்புப் பாட்டில் சரணம் அடங்கிப் போய், கோரஸில் டிஸ்டார்ஷன் (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) முழுசாகத் திறக்கும்போது கிரஞ்ச் குழுவான நிர்வாணா நினைவுக்கு வராமல் இருக்காது. அந்தப் பாட்டைப் பொறுத்தவரை விமர்சகர்கள் சொன்னது சரி. ஆல்பம் முழுவதற்கும் அதை நீட்டினால் தப்பு. நிறவேற்றுமையைப் பேசும் 'கலர்ட் பீப்பிள்' சாவகாசமான பாப்-ராக். விசுவாசியின் பேச்சுக்கும் நடப்புக்கும் உள்ள இடைவெளியைக் கிளறும் 'வாட் இஃப் ஐ ஸ்டம்பிள்' பெரும்பாலும் அகூஸ்டிக் கிட்டாரில் ஓடுகிறது. 'இன் தி லைட்' சார்லி பீகாக் எழுதிய பாட்டு. மூன்று குரல்களும் சேரும் இடத்தில் இவர்கள் அதைச் சொந்தமாக்கிக்கொண்டார்கள்.

என்னைக் கேட்டால் 'ஜீசஸ் ஃப்ரீக்'கின் உண்மையான குறை அலைச்சல். 13 ட்ராக்குகளில் 'காட்ஸ்பெல்' இசை நாடகத்தின் 'டே பை டே' ஒன்று, தலைப்புப் பாட்டையே கேலியாகத் திருப்பிப் பாடும் துண்டு ஒன்று, மேக்ஸின் கவிதை ஒன்று. இவற்றைக் கழித்தால் இன்னும் இறுக்கமான ஆல்பம் கிடைத்திருக்கும்.

ஜார்ஸ் ஆஃப் க்ளே இல்லினாயின் கிரீன்வில் கல்லூரி மாணவர்கள். பெயர் 2 கொரிந்தியர் 4:7-இல் வரும் மண்பாண்டங்கள். 1994-இல் நாஷ்வில்லில் நடந்த புதுக் கலைஞர் போட்டியில் வென்றார்கள். அதன் பிறகு எசென்ஷியல் ரெக்கார்ட்ஸ் என்ற இசை நிறுவனத்துடன் ஒப்பந்தம். ஆல்பத்தின் 'லிக்விட்', 'ஃப்ளட்' பாட்டுகள் இரண்டையும் தயாரித்தவர் கிங் கிரிம்சன் ராக் குழுவின் ஏட்ரியன் பெலூ. மற்றவை குழுவின் சொந்தத் தயாரிப்பு. குழுவில் டிரம்மர் கிடையாது. அகூஸ்டிக் கிட்டாருக்கு அடியில் டிரம் லூப்பை (திரும்பத் திரும்ப ஓடும் பதிவுத் தாளத்தை) ஓடவிட்டு, மேலே வயலின், செல்லோவைப் படரவிட்டார்கள். 'லிக்விட்'டில் துறவிகளின் கீதமும் கலந்திருக்கிறது. டோட் த வெட் ஸ்ப்ராக்கெட் என்ற ராக் குழுவின் சாயல் என்று அப்போது எழுதினார்கள். குரலில் உண்டுதான், ஆனால் இந்த லூப்-வயலின் கூட்டு அங்கே கிடையாது.

'ஃப்ளட்' மாடர்ன் ராக் வானொலிகளுக்குப் போய், பில்போர்ட் பத்திரிகையின் பாட்டுப் பட்டியலான ஹாட் 100-இல் 37-ஆம் இடம் வரை ஏறியது. மழை, மூழ்குதல், தூக்கிவிடு என்ற கெஞ்சல், அவ்வளவுதான் வரிகள். அது ஜெபம் என்று தெரியாமலேயே கேட்டவர்கள் ஏராளம். பாடகர் ஸ்டிங்கின் கச்சேரிகளுக்குத் தொடக்கக் குழுவாக வாசித்ததும் சேர்ந்துகொள்ள, சபை வட்டாரத்தில் முகம் சுளித்தார்கள். அதே ஆல்பத்தின் 'லவ் சாங் ஃபார் எ சேவியர்' ஒளிவுமறைவே இல்லாத ஆராதனைப் பாட்டு. குழந்தை வதையைத் தொடும் 'ஹி'யில் வலி நேராகவே பேசுகிறது. மங்கல் என்றவர்கள் ஒற்றைப் பாட்டைக் கேட்டுவிட்டு ஆல்பத்துக்குத் தீர்ப்பு எழுதியவர்கள். இதன் நிஜமான பலவீனம் வேறு: லூப்கள் இன்று மெலிந்து கேட்கின்றன, கடைசி மூன்றில் ஒரு பங்கில் வேகம் ஒரே மாதிரி ஆகிவிடுகிறது.

விற்பனைப் பட்டியலில் டிசி டாக்தான் மேலே. ஆல்பங்களுக்கான பில்போர்ட் 200-இல் 'ஜீசஸ் ஃப்ரீக்' நுழைந்ததே 16-இல். ஜார்ஸ் எட்டிய உச்சம் 46. விற்பனையைக் கணக்கெடுக்கும் சவுண்ட்ஸ்கேன், கிறிஸ்தவப் புத்தகக் கடை விற்பனையையும் எண்ணத் தொடங்கிய காலம் அது; இல்லாவிட்டால் அந்த 16 கண்ணில் பட்டிருக்காது. 1997-இல் ராக் காஸ்பல் ஆல்பத்துக்கான கிராமியும் டிசி டாக்குக்கே.

மேடையில் வாசிக்கப் பார்க்கிற குழுக்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'ஜீசஸ் ஃப்ரீக்'கை ஒரே பாடகரை வைத்து முயன்றால் படுத்துவிடும். ராப்புக்கு ஒருவர், கோரஸைத் தாங்க இரண்டு பேர் வேண்டும். சரணத்திலேயே டிஸ்டார்ஷன் பெடலை மிதித்துவிட்டால் கோரஸ் வெடிக்க இடமிருக்காது. 'ஃப்ளட்' பார்ப்பதற்கு எளிது, ஆனால் நடுவில் எல்லாம் அடங்கி வயலின் மட்டும் தொங்கும் இடம் ஒன்று இருக்கிறது. கீபோர்டில் ஸ்ட்ரிங்ஸாவது இல்லையென்றால் அங்கே பாட்டில் ஓட்டை விழும். டிரம்மர் அந்த இடத்தில் வாசிப்பை நிறுத்தினாலும் மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்; திரும்பி ஏறும்போதுதான் தாளம் சறுக்கும்.

ஒன்றுதான் வாங்கலாம் என்றால் ஜார்ஸை வாங்குங்கள், வரிசை மாற்றாமல் கேட்க அதுவே ஏற்றது. 'ஜீசஸ் ஃப்ரீக்'கில் 'கலர்ட் பீப்பிள்', 'வாட் இஃப் ஐ ஸ்டம்பிள்', 'இன் தி லைட்', தலைப்புப் பாட்டு நான்கையும் எடுத்து வைத்துக்கொண்டால் போதும். அந்த நான்கின் உயரத்தை ஜார்ஸ் 'ஃப்ளட்'டில் மட்டுமே தொட்டது. ஜார்ஸின் சிடியில் 'பிளைண்ட்' முடிந்ததும் எடுத்துவிடாதீர்கள். 'ஃபோர் செவன்' என்ற மறைவுப் பாட்டு ஒன்று பின்னால் இருக்கிறது. அதற்கும் அப்பால் நீளமாக ஓடுவது வயலின்காரர்களின் ஸ்டுடியோ ஒத்திகை. அதைத் தாராளமாக நிறுத்திவிடலாம்.