மடிநோய்க்குக் கற்றாழையா, ஊசியா?

காலையில் பால் பீச்ச உட்கார்ந்தால் காம்பிலிருந்து திப்பி திப்பியாக வருகிறது. மடியின் ஒரு பக்கம் கல் மாதிரி இருக்கிறது. கை வைத்தாலே மாடு உதைக்கிறது. மடிக்குள் கிருமி புகுந்து வரும் மடிநோய் இதுதான். அப்போது ஒருவர் கற்றாழை வெட்டக் கிளம்புவார், இன்னொருவர் டாக்டருக்குப் போன் போடுவார். யார் சரி என்பதை அந்த மாட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி பரப்பிய முறை இது: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். சேர்த்து அரைத்தால் விழுது சிவந்து வரும். பாலை ஒட்டக் கறந்துவிட்டு மடியைக் கழுவி, ஒரு கைப்பிடி விழுதைத் தண்ணீரில் கரைத்து மடி முழுக்கப் பூச வேண்டும். ஒரு நாளைக்கு 8 முதல் 10 முறை, குறைந்தது 5 நாள். தினமும் புதிதாக அரைக்க வேண்டும். கூடவே எலுமிச்சம்பழம் தின்னக் கொடுப்பார்கள். பலர் காலையும் மாலையும் மட்டும் பூசிவிட்டு, மூலிகை கேட்கவில்லை என்கிறார்கள். காசு குறைவுதான், ஆனால் பகல் முழுக்க ஓர் ஆள் வீட்டில் இருக்க வேண்டும். வயல் வேலைக்குப் போகிறவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை.

ஆன்டிபயாடிக் ஊசிக்கு அந்த மெனக்கெடல் இல்லை. டாக்டர் காய்ச்சலுக்கும் வீக்கத்துக்கும் சேர்த்தே மருந்து தருவார். ஆனால் மருந்து பாலில் இறங்கும். பாலை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்று மருந்துப் பெட்டியில் போட்டிருக்கும், அந்த நாள் முடியும்வரை அந்தப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது, வீட்டுப் பிள்ளைக்கும் கொடுக்கக் கூடாது. ஊசி போட்டால் நோயில்லாத காம்புகளின் பாலுக்கும் இதே கணக்குதான். வீக்கம் வடிந்ததும் பாதியில் நிறுத்தினால், அடுத்த முறை அதே மருந்து கேட்காமல் போகலாம். அடிக்கடி திரும்பி வரும் மடிநோய் என்றால், முதல் ஊசிக்கு முன்பே பால் மாதிரி எடுத்து எந்த மருந்து கேட்கும் என்று பரிசோதிக்கச் சொல்லுங்கள். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி மடித் திசுவுக்குள் ஒளிந்துகொள்ளும், குருட்டாம்போக்கில் மருந்தை மாற்றி மாற்றிப் போட்டால் செலவுதான் மிஞ்சும்.

என் கணக்கு இதுதான். மாடு நன்றாகத் தின்கிறது, காய்ச்சல் இல்லை, பாலில் மட்டும் திப்பி என்றால் அன்றைக்கே கற்றாழையைத் தொடங்கலாம். இரண்டு நாளில் முன்னேற்றம் தெரியாவிட்டால் டாக்டரைக் கூப்பிடுங்கள். பால் தண்ணீராகவோ ரத்தமாகவோ வருகிறது, மாடு தீனியைத் தொடவில்லை, எழ முடியாமல் படுத்திருக்கிறது, மடி குளிர்ந்து நீலம் பாய்கிறது என்றால் விழுது அரைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. கிருமியின் நஞ்சு ஒரே நாளில் மாட்டைச் சாய்த்துவிடும்.

இந்த இரண்டையும் விட நான் நம்புவது வராமல் காப்பதைத்தான். கறந்து முடித்த பின் காம்புத் துவாரம் மூட அரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் மாடு சாணியில் படுத்தால் கிருமிக்கு வழி திறந்தே கிடக்கும். அதனால் கறந்த கையோடு காம்புகளைப் போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினிக் கரைசலில் முக்கிவிட்டு, பசுந்தீவனத்தை முன்னால் போடுங்கள். தின்னும்வரை மாடு நின்றுகொண்டிருக்கும். நோய்ப்பட்ட மாட்டைக் கடைசியாகக் கறங்கள், அதன் பாலைத் தொழுவத்தில் பீச்சிவிடாதீர்கள். அப்புறம், தினமும் ஒவ்வொரு காம்பின் முதல் பீச்சலையும் ஒரு கருப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். மடி வீங்கும் முன்பே திப்பி அதில் பளிச்சென்று தெரியும்.