கொலுசு பட்டறைக்கு அரையாண்டு கணக்கு: டேலியா, தராசா?

சேலம் செவ்வாய்ப்பேட்டை பக்கம் பட்டறை வச்சிருக்கவங்க ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் 30 வரைக்கும் தொழில் எப்படி போச்சுன்னு பாக்க ரெண்டு வழி இருக்கு, ஒன்னு அக்கவுண்டன்ட்கிட்ட டேலி (கம்ப்யூட்டர்ல கணக்கு எழுதற சாஃப்ட்வேர்) ரிப்போர்ட் கேக்கறது, இன்னொன்னு ஒரு நாள் வேலைய நிறுத்திட்டு இருக்கற வெள்ளி மொத்தத்தையும் தராசுல வைக்கறது.

டேலி ஈஸி. யார் பாக்கி, ஜிஎஸ்டி எவ்வளவு, வாடகை கூலி எல்லாம் உடனே வந்துரும், பேங்க்ல லோனுக்கும் அதத்தான் கேப்பாங்க.

ஆனா நம்ம தொழில்ல ரூபாய மட்டும் நம்பாதீங்க ப்ளீஸ். சும்மா ஒரு கணக்குக்கு, ஏப்ரல்ல 10 கிலோ, கிலோ 90,000னு வச்சா 9 லட்சம், செப்டம்பர்ல ரேட் 1 லட்சம் ஆகி கைல 9.5 கிலோதான் இருந்தா கூட 9.5 லட்சம்னு காட்டும், பாக்கறவங்க லாபம்னு நினைப்பாங்க, உண்மைல கொள்முதல் விற்பனை எல்லாம் கழிச்சப்புறமும் அரை கிலோ எங்கயோ போயிருக்கு. சேதாரத்துலயா, ராவுன தூள்லயா, வெளிய கூலி வேலைக்கு குடுத்த சரக்கு திரும்பி வரலயா, இத தராசுதான் கேக்க வைக்கும். டச் (நூத்துக்கு எத்தன பங்கு சுத்த வெள்ளிங்கறது) வேற வேறயா இருந்தா தனித்தனியா எடை போடுங்க, 80 டச்ல 10 கிலோன்னா சுத்த வெள்ளி 8 கிலோதான்.

ஒன்னுக்குத்தான் நேரம் இருக்குன்னா நான் தராசுதான் சொல்வேன், தீபாவளி ஆர்டர் குவியறதுக்கு முன்னாடி, வேலை செய்யற அண்ணனுங்களையும் பக்கத்துல வச்சுக்கிட்டே எடை போடுங்க.