கதவுக்கு முட்டுக் கொடுத்த ஸ்டூல்

இங்கிலாந்திலிருந்து ஊருக்கு வந்த மூன்று வார விடுமுறையில் நல்லபடியாக நடந்தவற்றை எழுதப்போவதில்லை. ஒரு கதவையும், அது திறந்தே கிடந்தால் வெளியே வராத ஒரு மனநோயையும் பற்றித்தான் எழுத வேண்டும். தென் மாவட்டத்து ஊர் ஒன்றில், தனியார் மனநல கிளினிக்கில், டாக்டர் அறைக் கதவு. காலையில் திறந்தால் கடைசி டோக்கன் போகும்வரை அது திறந்தேதான் கிடக்கிறது.

உள்ளே காட்சி உங்களுக்குத் தெரிந்ததுதான். மேசைக்குப் பக்கவாட்டில் ஸ்டூல், அதில் நோயாளி. பின்னால் அம்மா, மாமா, துணைக்கு வந்தவர்கள். நிலைப்படியில் அடுத்த மூன்று டோக்கன்காரர்கள், கையில் ஃபைலோடு. காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் இப்படிக் காட்டிப் பழகியவர்கள் நாம். அந்த நெருக்கத்தில் ஓர் ஆறுதல்கூட இருந்தது. வரிசையில் நிற்கும் யாரோ ஓர் அம்மா "பிள்ளைக்கு என்னம்மா?" என்று விசாரித்து, கஷாயத்துக்குப் பக்குவம் சொல்லிவிட்டுப் போவார். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் அது கிடைக்காது. ஆனால் இந்த முறை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் சித்தி மகள், வயது 26. அவள் வந்த காரணம், அவளுடைய நாட்களில் ஓட்டை விழுகிறது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் சோறு வடித்தது ஞாபகம் இருக்கிறது. அதற்கடுத்து ஞாபகம் இருப்பது புதன் காலை, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு. (அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஊர், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.)

"குரல் ஏதாவது கேக்குதாம்மா?" என்று டாக்டர் கேட்டார். அவள் நிலைப்படியைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு மாமாவைப் பார்த்தாள். "இல்ல சார்." "சில நாள் வேற ஆளு மாதிரிப் பேசுறா சார்" என்றார் சித்தி. வாசலில் நின்ற ஒருவர் 2005-இல் வந்த ஒரு படத்தின் பெயரைச் சொன்னார். பக்கத்தில் நின்றவர் அதே ஆண்டு வந்த இன்னொரு படத்தின் பெயரைச் சொன்னார். டாக்டர், "எங்க, அந்த ஆளை இப்ப வரச் சொல்லு பார்க்கலாம்" என்றார். அவள் தலை குனிந்துகொண்டாள். நான்கு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. மாத்திரை அதேதான், அளவு மட்டும் கூடியது. கதவைச் சாத்தலாமா என்று கேட்டதற்கு அட்டெண்டர், "சாத்தினா வெளிய இருக்கிறவங்க கத்துவாங்க மேடம்" என்றார்.

இங்கிலாந்தில் மனநலப் பிரிவில் வேலை பார்க்கும் யாருக்கும் இது வயிற்றைப் புரட்டும். அங்கே கதவைச் சாத்தாமல் ஒரு கேள்விகூடக் கேட்க மாட்டார்கள். அதற்காக அங்கே எல்லாம் ஒழுங்கு என்றும் சொல்ல முடியாது. ஜி.பி. என்கிற குடும்ப டாக்டர் கடிதம் எழுதி, சமூக மனநலக் குழு பார்த்து, அதன்பிறகு சிகிச்சைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவளுக்கு வந்திருக்கும் இந்த ஒரு நோய்க்கென்று தனிச் சிகிச்சை வழிகாட்டி அங்கேயும் கிடையாது. இங்கே நினைத்த அன்றே டாக்டரைப் பார்க்கலாம், அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல். அப்படிப் பார்த்தும் பலனில்லாமல் போவது ஒரு கதவால் என்பதுதான் ஆத்திரம்.

அவளுடைய நோய்க்குக் கடைசியில் கிடைத்த பெயர் டிஸோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸார்டர், சுருக்கமாக டி.ஐ.டி. ஒரே ஆளுக்குள் வெவ்வேறு ஆளுமைகள் மாறி மாறி வெளிப்படும், இடையில் நடந்தது மறந்துபோகும். மல்டிபிள் பர்சனாலிட்டி என்பது பழைய பெயர், 1994-இல் அமெரிக்க மனநலச் சங்கம் மாற்றியது. தமிழில் மனச்சிதைவு என்று சொல்கிற ஸ்கிசோஃப்ரினியா வேறு, இது வேறு. 'மனப்பிளவு', 'பிளவுபட்ட ஆளுமை' என்று இரண்டுக்கும் கலந்து எழுதியே குழப்பிவிட்டோம். இதைக் காட்டிக்கொடுக்க ரத்தப் பரிசோதனை இல்லை, ஸ்கேன் இல்லை. நோயாளி வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. சொல்ல வேண்டியவையோ மூன்று: காணாமல் போகும் நேரம், உள்ளே கேட்கும் குரல்கள், சிறுவயதில் நடந்தது. இந்த நோயாளிகளில் பெரும்பாலோர் பிள்ளைப் பருவத்தில் திரும்பத் திரும்பக் கொடுமைக்கு ஆளானவர்கள். செய்தவர் அநேகமாக வீட்டுக்குள் வந்துபோகிறவர். மறைத்துப் பிழைப்பதற்காகவே மனம் கண்டுபிடித்த வழி இது. அதைப் பின்னாலும் நிலைப்படியிலுமாக ஆறு பேர் நிற்கும்போது எந்தப் பெண் சொல்வாள்? மேல்நாடுகளிலேயே சரியான பெயர் கிடைக்க 5 முதல் 12 ஆண்டுகள் ஆகின்றன என்று சிகிச்சை வழிகாட்டிகள் எழுதுகின்றன. இவளுக்கு ஒன்பது ஆண்டுகள்.

ஒன்பது ஆண்டும் ஒரு மஞ்சப்பையில் இருந்தது. சித்தி ஒரு சீட்டைக்கூடத் தூக்கிப் போடவில்லை. பெரிய உறையில் சி.டி. ஸ்கேன் ஃபிலிம், நான்காக மடித்த இ.இ.ஜி. (மூளை மின்னலைப் பதிவு) தாள், கோடுகள் கிழிந்துபோன ஓ.பி. சீட்டுகள், மருந்துக்கடை பில்கள். பில்களில் பாதி வெறும் வெள்ளைத் தாள். தெர்மல் பேப்பரில் அடிக்கிற எழுத்து ஓரிரு வருடத்தில் மங்கி மறைந்துவிடும். (வீட்டில் இப்படிச் சீட்டு சேர்த்து வைத்திருப்பவர்கள் வாங்கிய அன்றே நகல் எடுங்கள், அல்லது போனில் படம் பிடித்து வையுங்கள்.) எந்த டாக்டரும் அந்தப் பையைக் கவிழ்த்துப் பார்க்கவில்லை. மேலே கிடந்த கடைசிச் சீட்டை மட்டும் பார்த்து, அதையே தொடர்ந்து எழுதியிருந்தார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் பெரிய நம்பிக்கை இல்லை. அங்கிருந்த இளம் உளவியலாளர் முதலில் கேட்டது பையைத்தான். மேசையைத் துடைத்து, சீட்டுகளைத் தேதி வாரியாகச் சீட்டுக்கட்டு போலப் பரப்பினார். முதல் வரிசை 17 வயதில்: மயக்கம், இ.இ.ஜி. சாதாரணம், ஆனாலும் வலிப்புக்கு ஃபெனிட்டாயின். இரண்டாவது வரிசையில் 'தனக்குள் பேசுகிறாள்' என்ற குறிப்பு, மனச்சிதைவுக்குக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன். கை இறுகியதால் கூடவே டிரைஹெக்ஸிஃபெனிடில். அதன்பின் பதற்றத்துக்கு லோராசெபாம். பிறகு ஸ்கேன், மாதவிடாய் நின்றதற்கு. ரிஸ்பெரிடோன் புரோலாக்டின் என்ற ஹார்மோனைக் கூட்டும், அதனால் மாதவிடாய் நிற்கும். அது தெரியாமல் வீட்டில் அவளைக் கேட்காத கேள்வியெல்லாம் கேட்டிருக்கிறார்கள்.

பரப்பியதன் பலன் உடனே தெரிந்தது. டிரைஹெக்ஸிஃபெனிடிலும் லோராசெபாமும் தாமே ஞாபகத்தை மழுக்கும் மருந்துகள். ஆகவே 'மறந்துபோகிறது' என்று இன்று சொன்னால் அது நோயா மருந்தா என்று பிரிக்க முடியாது. ஆனால் முதல் சீட்டிலேயே, எந்த மாத்திரையும் தொடங்கும் முன்பு, 'வீட்டுக்கு வந்தது நினைவில்லை' என்று யாரோ கிறுக்கியிருந்தார்கள். ஓட்டை மருந்துக்கு முந்தியது. அந்த ஒரு வரி மஞ்சப்பைக்குள் ஒன்பது ஆண்டு தூங்கியிருக்கிறது.

பிறகு அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் உடைந்திருந்தது. ஓர் இரும்பு ஸ்டூலை இழுத்து முட்டுக் கொடுத்தார். அதற்குமுன் எங்களிடம், "அம்மா, நீங்க எல்லாரும் கேன்டீன்ல டீ குடிச்சிட்டு வாங்க. ஒரு மணி நேரம் ஆகும். அவசரமில்ல" என்றார். யாரும் கேன்டீனுக்குப் போகவில்லை. நடைபாதையில் நின்று பார்த்தால் கதவிடுக்கில் ஸ்டூலின் ஒரு கால் தெரிந்தது. இரண்டு முறை வெளியிலிருந்து யாரோ தள்ளினார்கள். ஸ்டூல் தரையில் கிரீச்சிட்டு இரண்டு அங்குலம் நகர்ந்தது, உடனே உள்ளிருந்து ஒரு கை அதைப் பழைய இடத்துக்கு இழுத்தது. ஒரு மணி பத்து நிமிடம். தமிழ்நாட்டு ஓ.பி.யில் ஒரு நோயாளிக்கு அவ்வளவு நேரம்! சித்தி அழுதுவிட்டார்.

கேட்ட விதமும் சரியாக இருந்தது என்பது பிறகு அவள் சொன்னதிலிருந்து தெரிந்தது. "உனக்குள்ள இன்னொரு ஆள் இருக்காங்களா?" என்று எடுத்தவுடன் கேட்டால் விடை கெட்டுவிடும். எளிதில் வசப்படும் மனதுக்கு அது ஆள் செய்து கொடுப்பது மாதிரி. இந்த நோயே டாக்டர்களின் தூண்டுதலாலும் சினிமாவாலும் உருவாவது என்று வாதிடும் மனநல மருத்துவர்களும் இருக்கிறார்கள். அந்த வாதத்தை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், கேள்வி தூண்டிலாக இருக்கக் கூடாது. 'உண்மை சொல்ல வைக்கும் ஊசி' போட்டுக் கேட்பதும் அதனால்தான் ஆபத்து. இவர் கேட்டவை சாதாரணக் கேள்விகள். பஸ்ஸில் போகும்போது வந்த வழி பூராவும் ஞாபகம் இல்லாமல் போனதுண்டா? வாங்கியதாக நினைவில்லாத பொருள் பெட்டியில் கிடந்ததுண்டா? தெரியாதவர்கள் வேறு பெயரில் கூப்பிட்டதுண்டா? 1986-இல் வந்த 28 கேள்வி அளவுகோல் இந்த வகைதான். நூற்றுக்குச் சராசரி 30-க்கு மேல் போனால் நோய் உறுதி என்று பொருளில்லை, விரிவாக விசாரிக்க வேண்டும் என்றுதான் பொருள். குரலைப் பற்றியும், "கேக்குதா" என்பதோடு நிறுத்தாமல், தலைக்குள்ளா வெளியிலா, எந்த வயதிலிருந்து, ஒன்றோடொன்று பேசிக்கொள்கிறதா என்று போனார். டி.ஐ.டி.யில் பெரும்பாலும் தலைக்குள், சின்ன வயது முதல். 'குரல்' என்றதும் மனச்சிதைவு மாத்திரை எழுதுவதில்தான் வருடங்கள் போகின்றன.

சாமி ஆடுவதையும் விசாரித்தார். அது அவசியம். கொடை நாளில் மேளத்துக்கு அருள் வந்து, குறி சொல்லி, திருநீறு பூசியதும் இறங்கிவிட்டால் அது நோயல்ல. ஊர் எதிர்பார்ப்பது, ஊர் ஏற்பது. வேண்டாதபோது, வேண்டாத இடத்தில் வந்து வேலையையும் வாழ்க்கையையும் கெடுத்தால்தான் நோய். அமெரிக்க மனநலச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலின் 2013 பதிப்பு, சில பண்பாடுகளில் டி.ஐ.டி. பேய்பிடித்தலாகவே வெளிப்படும் என்று சேர்த்துக்கொண்டது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் டி.ஐ.டி.யையும் பேய்பிடித்தலையும் தனித்தனி எண்ணில் வைத்திருக்கிறது. இவளைக் கோடாங்கியிடம் கொண்டுபோய் வேப்பிலையால் அடித்த கதையும் பைக்குள் இருந்தது, கறுப்புக் கயிறாக. அதே குடும்பம் மனநோய்க்குப் பேர்போன குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்கியபோது அவள் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். முகத்தில் தெளிக்கும் தீர்த்தம், காவிரிக் காற்று, கேள்வி கேட்காத மனிதர்கள். நம்ம ஊர்க் கோயில் ஒன்றில் தங்கிய 31 பேரைப் பற்றி 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வும், மருந்தில்லாமலே நோய்க்குறிகள் ஓரளவு குறைந்ததாகத்தான் சொன்னது. அதையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒதுக்க மனம் வரவில்லை. ஆனால் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடி மனநோயாளிகள் காப்பகத் தீயில் சங்கிலியோடு எரிந்துபோன 28 பேரும் நம் ஊர்க்காரர்களின் பராமரிப்பில் இருந்தவர்கள்தான். 2017 மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்திருக்கிறது.

சிகிச்சைக்கு வருகிறேன். டி.ஐ.டி.க்கென்று மாத்திரை கிடையாது. மனச்சோர்வுக்கும் தூக்கத்துக்கும் கொடுப்பார்கள், அவ்வளவுதான். அந்த அரசு ஆஸ்பத்திரி மனநல டாக்டர் முதலில் தூக்கம் விழிக்கவைத்து இ.இ.ஜி. எடுக்கச் சொன்னார், நெற்றிப்பொட்டு மடல் வலிப்பு இதே மாதிரி ஏமாற்றும் என்பதால். ரிஸ்பெரிடோனைச் சட்டென்று நிறுத்தவில்லை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 1 மில்லிகிராம் என்று குறைத்து இறக்குகிறார். வீட்டில் யாரும் தாமாக நிறுத்திவிடாதீர்கள். ஃபெனிட்டாயினை ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பே வந்துவிடலாம்.

பேச்சு சிகிச்சை மூன்று கட்டம். முதலாவது பாதுகாப்பும் நிதானமும், அதற்கே பல மாதங்கள் ஆகலாம். அதன்பிறகே பழைய நினைவுகள். பிறகு ஒன்றுசேர்தல். பழையதை முதல் மாதத்திலேயே கிளறினால் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது கூடும். இப்போது அவளுக்குக் கொடுத்திருக்கும் வீட்டு வேலை எளிது. கட்டிலுக்கு எதிரே தினசரி காலண்டர், அதன் கீழே வயது, ஊர் எழுதிய அட்டை. தலை கிறுகிறுத்தால் சொம்பில் குளிர்ந்த தண்ணீரில் கை வைப்பது, எலுமிச்சம்பழத்தைக் கீறி முகர்வது, கண்ணில் படும் ஐந்து பொருளின் பெயரைச் சத்தமாகச் சொல்வது. ஒரு கோடு போட்ட நோட்டு: எந்த நிலையில் இருந்தாலும் தேதி, மணி போட்டு ஒரு வரி எழுதுவது. முதல் வாரத்திலேயே மூன்று விதக் கையெழுத்து இருந்தது. அதை உறவினருக்குக் காட்டக் கூடாது என்பதும் மருத்துவக் கட்டளை.

காரணம் உண்டு. மாமா மகன் ஒருவன் அவள் மாறிப் பேசியதைப் போனில் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தான். பார்த்தவர்கள் கும்பிடு போட்டிருக்கிறார்கள், சிரித்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான், அவளை மனுஷியாகப் பார்க்காதது. "இப்ப யாரு பேசுறது?" என்று விளையாட்டுக் காட்டச் சொல்லாதீர்கள். எந்தக் குரலில் பேசினாலும் அவள் ஒருத்திதான். பெயர் வைத்துப் பிரிக்காதீர்கள், கொஞ்சாதீர்கள், மிரட்டாதீர்கள். சிறுவயதில் செய்தவர் இன்னும் கல்யாணம் காதுகுத்துக்கு வந்துபோகிறவராக இருந்தால் முதல் கட்டமே நிற்காது. அவரை வாசலோடு நிறுத்துவது குடும்பத்தின் வேலை, அவளுடையது அல்ல.

அடுத்த பேச்சு கல்யாணம். 'முடிச்சு வச்சா சரியாயிடும்' என்கிறார்கள், மறைத்து. 1955 இந்துத் திருமணச் சட்டத்தில் மனநோய் என்ற பெயர் மட்டும் கல்யாணத்தை முறிக்கக் காரணமாகாது, இல்லறத்துக்கே தகுதியில்லாத அளவுக்கு இருக்க வேண்டும். ஆனால் மறைத்துச் செய்த கல்யாணத்தில் முதலில் நின்றுபோவது மாத்திரையும் செவ்வாய்க்கிழமைப் பேச்சு சிகிச்சையும்தான். 2017 மனநலச் சட்டப்படி, அது சொல்லும் சில விலக்குகள் தவிர, அவளுடைய சீட்டில் உள்ளதை அவள் சம்மதமில்லாமல் யாரிடமும் சொல்ல ஆஸ்பத்திரிக்கு உரிமையில்லை, ஆவணங்களைக் கேட்டு வாங்க அவளுக்கு உரிமை உண்டு. மற்ற நோய்களுக்குத் தரும் அதே அடிப்படையில் இன்சூரன்ஸும் தரவேண்டும். இரவில் தாங்காவிட்டால் அரசின் மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

அறைக்குத் தாழ்ப்பாள் ஒன்று வாங்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டோம். கட்டடப் பராமரிப்பு வேறு துறை, மனு கொடுங்கள் என்றார்கள். சித்தி பெயரில் மனு எழுதி, ரப்பர் ஸ்டாம்பு போட்ட நகலை மஞ்சப்பையில் வைத்திருக்கிறோம். செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு அவளைக் கூட்டிப்போவது இனி சித்தி. கதவு திறந்திருந்தால் உள்ளே உட்காராதே, ஸ்டூலை நீயே இழுத்துப் போடு என்று சொல்லிவிட்டு விமானம் ஏறியாயிற்று.