யூஸ்டு கார்ஸா, கேடிலாக் மேனா?

கார் விக்கிற சேல்ஸ்மேன் காமெடின்னா எனக்கு உடனே தோணுறது ரெண்டு படம்தான், 1980ல வந்த யூஸ்டு கார்ஸ், அப்புறம் 1990ல வந்த கேடிலாக் மேன்.

முதல் படம் ராபர்ட் ஜெமெக்கிஸ் எடுத்தது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பழைய கார் கடை, எதிர்ல இன்னொண்ணு, ஓனருங்க அண்ணன் தம்பி, ரெண்டு பேருமே ஜாக் வார்டன்தான். அதுல ஒருத்தர் நல்லவர், இன்னொருத்தர் வில்லன். நல்லவர் செத்துப் போயிடுறாரு, விஷயம் வெளிய தெரிஞ்சா கடை அந்த வில்லன் கைக்கு போயிடும்ல, அதனால நல்லவர் கடை சேல்ஸ்மேன் கர்ட் ரஸ்ஸல் கோஷ்டி அவரை எட்செல் காரோட சேர்த்து கடையிலயே புதைச்சிட்டு மயாமிக்கு டூர் போயிருக்காருன்னு கூசாம அடிச்சு விடும். கார் ஏத்தின மாதிரியே செத்து விழுந்து நடிக்கிற நாய் ஒண்ணு வேற, பாவம் கஸ்டமர் பயந்தே காரை வாங்கிடுவான் (நாய்க்கு தனியா அவார்டு குடுக்கலாம்).

கேடிலாக் மேன்ல ராபின் வில்லியம்ஸ். சவ ஊர்வலத்துல வண்டி ரிப்பேராகி நிக்குது, அங்கயும் போய் புருஷனை இழந்தவங்ககிட்டயே கார் விக்கப் பாப்பாரு பாருங்க, அந்த ஓப்பனிங் செம. ஆனா டிம் ராபின்ஸ் துப்பாக்கியோட ஷோரூமுக்குள்ள பாஞ்சு எல்லாரையும் பிடிச்சு வச்சதும் கார் விக்கிற கதை காணாமப் போயிடுது, அப்புறம் வில்லியம்ஸ் வாய் மட்டும்தான் படத்தை இழுக்குது.

வியாபார தில்லுமுல்லு வேணும்னா கண்ணை மூடிக்கிட்டு யூஸ்டு கார்ஸ் போடுங்க, ஃபேமிலியோட மட்டும் வேணாம்.