எத்திரோவின் யோசனையும் எருசலேம் சபையின் தீர்வும்

ஒரு சபைத் தலைவர் சிக்கலைத் தீர்க்கும் விதத்திற்கு வேதாகமம் இரு மாதிரிகளைத் தருகிறது. யாத்திராகமம் 18இல், காலை முதல் மாலை வரை தனியாக மக்களின் வழக்குகளை விசாரித்துவந்த மோசேயிடம், அவருடைய மாமனார் எத்திரோ, ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்கு அதிபதிகளை ஏற்படுத்திச் சிறிய வழக்குகளை அவர்களிடம் விடும்படி சொன்னார். அங்குச் சிக்கல் வேலைப்பளு. ஆகவே அடுக்கடுக்கான நிர்வாகமே போதுமானதாயிற்று.

அப்போஸ்தலர் 6இல், எருசலேம் சபையில் இருந்ததோ ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கைக் குறைவு. அன்றாட விசாரணையில் (உணவுப் பங்கீட்டில்) தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசிய யூத விசுவாசிகள் முறுமுறுத்தபோது, பன்னிரு அப்போஸ்தலரும் தகுதியை மட்டும் வரையறுத்து, எழுவரைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பைச் சபையாரிடமே விட்டார்கள். ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை எழுவருக்கும் கிரேக்கப் பெயர்களே இருப்பதைக் கவனித்தால், குறைகூறிய தரப்பினரின் கையிலேயே அந்த உணவுப் பங்கீடு ஒப்படைக்கப்பட்டதாகத் தோன்றுகிறது. இது துணிச்சலான முடிவு என்பேன்.

யாத்திராகமத்தில் மோசேயே ஆட்களைத் தெரிந்துகொள்கிறார். (உபாகமம் 1இல் அவர் மக்களையே தெரிந்தெடுக்கச் சொன்னதாக உள்ளது, ஆகவே வேறுபாட்டை மிகைப்படுத்தலாகாது.) வேலை தேங்கியிருக்கும் சபைக்கு முதல் வழி விரைவானது. ஆனால், ஒரு தரப்பு புறக்கணிக்கப்பட்டதாக உணரும் இடத்தில் போதகரே குழுவை நியமித்தால் அந்த முறுமுறுப்பு தணியாது. அங்கு இரண்டாம் வழியையே நான் தேர்ந்துகொள்வேன், அதற்குக் கூடுதல் காலமும் பொறுமையும் தேவைப்பட்டாலும்.