மிஷிகன் பல்கலைக்கழக அணிகள்: நெடுநாள் ரசிகனின் அனுபவப் பகிர்வு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் (நம்மூர் கால்பந்து அல்ல) அணிக்கு மட்டும் ரசிகராக இருந்தால் வருடத்தில் 12 சனிக்கிழமைகளை நம்பி மனசை ஒப்படைக்கிறீர்கள். அந்த 12 கெட்டுப்போனால் வருடமே கெட்டுப்போகும். அதே பல்கலைக்கழகத்தின் எல்லா அணிகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் ஆகஸ்ட் கடைசியிலிருந்து மே மாதம் வரை ஏதாவது ஓர் அணி உங்களுக்காக ஆடிக்கொண்டே இருக்கும். 2007-ல் மேற்படிப்புக்காக, மிஷிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் ஊருக்கு வந்தவன் நான். படிப்பு முடிந்தது, வேலை மாறியது, வீடு மாறியது. அணியின் நிறங்களான மஞ்சளும் நீலமும் மட்டும் கூடவே வந்தன. இத்தனை வருடத்தில் இந்த ரசிக வாழ்க்கையில் எது நிலைத்தது, எது தேய்ந்துகொண்டிருக்கிறது என்பதைப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் அந்த ஸ்டேடியம். அமெரிக்க ஃபுட்பால் விதிகள் ஒன்றும் தெரியாதவர்கூட ஒருமுறை போகலாம். 'பிக் ஹவுஸ்' என்று எல்லோரும் சொல்லும் மிஷிகன் ஸ்டேடியம் 1927-ல் திறந்தது. இன்றைய கொள்ளளவு 1,07,601 பேர், அமெரிக்காவிலேயே பெரியது. அதில் பெரும்பகுதி தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. வாயிலில் நுழைந்ததும் படியேற வேண்டியிருக்காது, மைதானம் உங்கள் காலுக்குக் கீழே விரிந்து கிடக்கும். 1975 நவம்பரிலிருந்து, கோவிட் வருடத்தைத் தவிர, இங்கே நடந்த ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு லட்சத்துக்கு மேல் கூட்டம். ஆட்டத்துக்கு முன் சுரங்கப்பாதையிலிருந்து பேண்டு வாத்தியக் குழு ஓடி வந்து, 1898-ல் லூயி எல்பெல் என்ற மாணவர் எழுதிய வெற்றிப் பாட்டை வாசிக்கும். அந்த நேரத்தில் எனக்கு இன்றும் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

வசதி என்று பார்த்தால் குறைவுதான். பெரும்பாலான இடங்கள் முதுகுச் சாய்வு இல்லாத நீள பெஞ்சுகள். செப்டம்பரில் தாராளமாக உட்கார்ந்த அதே வரிசையில் நவம்பரில் எல்லோரும் கனமான கோட்டு போட்டு வந்ததும் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். ஒரு சின்ன மெத்தை எடுத்துப் போங்கள். கடுங்குளிரில் காலுக்குக் கீழே ஓர் அட்டையைப் போட்டுக்கொண்டால் கான்கிரீட்டின் ஜில்லிப்பு ஏறாது.

அப்புறம் ஆட்டம். நான் வந்த வருடத்தின் முதல் ஆட்டம் 2007 செப்டம்பர் 1. நாட்டின் தரவரிசையில் ஐந்தாவது இடத்தில் இருந்த மிஷிகன், ஒரு படி கீழ்ப்பிரிவில் ஆடும் அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் 34–32 என்று தோற்றது. கடைசியில் ஜெயித்துத் தந்திருக்க வேண்டிய உதையைத் தடுத்துவிட்டார்கள். அடுத்த வாரம் ஆரெகானிடம் 39–7. எல்லோருக்கும் அந்த வருடம் என்றால் இந்த இரண்டு தோல்விகள்தான் ஞாபகம் வரும். எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். மைக் ஹார்ட், சாட் ஹென்னி, ஜேக் லாங் மூவரும் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகாமல் நான்காவது வருடத்துக்காகத் திரும்பி வந்தவர்கள். பரம எதிரியான ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தை அவர்களால் நான்கு வருடமும் ஜெயிக்கவே முடியவில்லை. ஆனால் 2008 ஜனவரி 1 அன்று, அந்த சீசனின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கிய டிம் டீபோ ஆடிய ஃப்ளோரிடாவை 41–35 என்று வீழ்த்திவிட்டு, ஓய்வுபெறும் பயிற்சியாளர் லாயிட் காரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். கல்லூரி விளையாட்டு எனக்குப் பிடித்துப்போனது அந்த ஆட்டத்தில்தான். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் நான்கு வருடக் கெடு இருக்கிறது. அதற்குள் செய்ய முடிந்ததைச் செய்துவிட்டுப் போகிறார்கள். அதனால் ஒரு சாதாரண வெற்றிக்குக்கூட யாரோ ஒருவரின் கடைசி வெற்றி என்ற கனம் வந்துவிடுகிறது.

ஒஹாயோ ஸ்டேட் பற்றிச் சொல்லாமல் இந்த அனுபவத்தை எழுத முடியாது. நவம்பர் கடைசிச் சனிக்கிழமை நடக்கும் அந்த ஆட்டத்துக்கு இரண்டு ஊரிலும் 'தி கேம்' என்றே பெயர். 2012 முதல் 2019 வரை எட்டு வருடம் தொடர்ந்து தோற்றோம். 2020-ல் கோவிட்டால் ஆட்டமே இல்லை. இரண்டு நாள் முன்னால் வரும் தாங்க்ஸ்கிவிங் பண்டிகைச் சாப்பாட்டு மேசையிலேயே சனிக்கிழமையை நினைத்து வயிறு கலங்கும் வருடங்கள் அவை. பிறகு 2021 நவம்பர் 27. பனி கொட்டிக்கொண்டிருக்க, ஹசன் ஹாஸ்கின்ஸ் ஐந்து டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டுவது) அடித்து 42–27 என்று ஜெயித்தோம். கூட்டம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் முன்பின் தெரியாத என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அந்த எட்டு வருடத்தையும் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் இது கிடைக்கும். நடுவில் விட்டுவிட்டு, ஜெயிக்கும்போது திரும்பி வந்தால் இந்த ருசி தெரியாது.

2015 அக்டோபர் 17 பற்றியும் சொல்ல வேண்டும். இதே மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகமான மிஷிகன் ஸ்டேட்டுக்கு எதிராக 23–21 என்று முன்னிலை, மீதி 10 நொடி. பந்தை உதைத்து அனுப்பினால் போதும். உதைக்க வேண்டிய மாணவரின் கையில் பந்து நிற்கவில்லை. எதிரணி எடுத்துக்கொண்டு ஓடி டச்டவுன் அடித்துவிட்டது. 27–23. அந்த மாணவருக்கு இணையத்தில் வந்த வசவுகளைப் பார்த்து, விளையாட்டுத் துறைத் தலைவராக இருந்த ஜிம் ஹாக்கெட் ரசிகர்களைக் கண்டித்து வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். இந்த விஷயத்தில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. களத்தில் நிற்பவர்கள் இருபது வயதுப் பிள்ளைகள். திங்கட்கிழமை வகுப்புக்குப் போக வேண்டியவர்கள். அவர்களை வைவதற்கு டிக்கெட் எந்த உரிமையையும் தருவதில்லை.

2023 சீசனைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். 15 ஆட்டம், 15 வெற்றி. முந்தைய நவம்பரில் முழங்காலில் அடிபட்ட பிளேக் கோரம் இன்னொரு வருடம் இருக்கிறேன் என்று திரும்பி வந்தார். அரையிறுதியான ரோஸ் பவுலில் அலபாமாவுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் 17 கெஜம் ஓடி அவர் அடித்த டச்டவுன்தான் 27–20 வெற்றியைத் தந்தது. ஒரு வாரம் கழித்து ஹூஸ்டனில் வாஷிங்டனை 34–13 என்று வென்று தேசிய சாம்பியன். அவ்வளவும் நடந்த அதே சீசனில்தான் எதிரணிகளின் சைகைகளை முறைகேடாகப் பதிவு செய்த விவகாரமும் வெடித்தது. பயிற்சியாளர் ஜிம் ஹார்பா கடைசி மூன்று வழக்கமான ஆட்டங்களுக்கு இடைநீக்கம். 2025 ஆகஸ்டில் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அபராதமும் தண்டனையும் அறிவித்தது. கூடைப்பந்து ரசிகர்களுக்கு இது புதிதல்ல. 1992, 1993-ல் 'ஃபேப் ஃபைவ்' என்று பெயரெடுத்த, ஒரே வருடம் சேர்ந்த ஐந்து மாணவர்கள் தேசிய இறுதிப் போட்டிவரை போனதற்காகத் தொங்கவிட்ட பேனர்களை, வெளியாள் ஒருவர் ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுத்த விவகாரத்துக்காக 2002-ல் இறக்கிவிட்டார்கள். நம் அணி செய்தால் சரி, அடுத்தவன் செய்தால் தப்பு என்று வாதாடும் ரசிகர்களோடு என்னால் உட்கார முடிவதில்லை. விதி மீறினால் தண்டனை வரட்டும். அதைச் சொல்லிக்கொண்டே அந்த ஆட்டக்காரர்களை நேசிக்கவும் முடிகிறது.

சரி, நான் உண்மையில் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

ஃபுட்பால் சீசன் முடிந்ததும் பெரும்பாலோர் ஜெர்சியை மடித்து வைத்துவிடுகிறார்கள். இந்த ரசிக வாழ்க்கையின் ஆகச் சிறந்த பகுதி அதற்குப் பிறகுதான். ஐஸ் ஹாக்கி நடக்கும் யோஸ்ட் ஐஸ் அரங்கத்துக்குப் போய்ப் பாருங்கள். 1923-ல் உள்ளரங்க மைதானமாகக் கட்டியது, 1973-ல் ஐஸ் தளமாக மாற்றினார்கள். செங்கல் சுவர், தாழ்வான இருக்கைகள், ஆறாயிரம் பேர்கூட இல்லாத கூட்டம். ஆனால் சத்தம் கூரையில் மோதித் திரும்பி வரும். மிஷிகன் ஹாக்கி அணி ஒன்பது முறை தேசிய சாம்பியன், கடைசியாக 1998-ல். 2022, 2023, 2024 மூன்று வருடமும் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக வந்து அரையிறுதியில் நின்றுபோனார்கள். அந்த ஏக்கமும் ஹாக்கிக்காரர்களை ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறது. 2010 டிசம்பரில் பிக் ஹவுஸிலேயே ஐஸ் போட்டு மிஷிகன் ஸ்டேட்டுடன் ஆடியபோது 1,04,173 பேர் வந்தார்கள் என்று கின்னஸ் பதிவு இருக்கிறது. 5–0 என்று ஜெயித்தோம்.

ஜிம்னாஸ்டிக்ஸ் என்னைச் சொக்க வைத்தது. ஒலிம்பிக்கில் 10 என்ற முழு மதிப்பெண் முறை போய் வெகு காலமாகிவிட்டது. கல்லூரிப் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் அது இன்னும் இருக்கிறது. அதனால் புதிதாகப் பார்க்கிறவருக்கும் புரியும். ஒருவர் தரையிறங்கியதும் கால் அசைந்ததா இல்லையா என்று அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். 2021-ல் மிஷிகன் பெண்கள் அணி முதன்முறையாக தேசிய சாம்பியன் ஆனபோது 198.2500, இரண்டாவது வந்த ஓக்லஹோமா 198.1625. வித்தியாசம் 0.1-கூட இல்லை. 2025-ல் ஆண்கள் அணி, அதுவரை தொடர்ந்து ஐந்து முறை வென்றிருந்த ஸ்டான்ஃபோர்டைத் தாண்டிச் சாம்பியன் ஆனது.

பேஸ்பால் மாதிரியே பெண்கள் ஆடும் சாஃப்ட்பால் இன்னொரு உலகம். பயிற்சியாளர் கரோல் ஹச்சின்ஸ் 2022-ல் ஓய்வுபெற்றபோது அவருடைய வெற்றிகள் 1,707. 2005-ல் கலிஃபோர்னியாவின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தை பத்தாவது இன்னிங்ஸில் சமந்தா ஃபின்ட்லே அடித்த ஹோம் ரன்னால் வென்று தேசியக் கோப்பை வாங்கினார்கள். மிசிசிப்பி நதிக்குக் கிழக்கே இருக்கும் ஒரு பல்கலைக்கழகம் அதை வென்றது அதுதான் முதல்முறை. ஆட்டம் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், ஆட்டக்காரர்கள் பேசிக்கொள்வது காதில் விழும் தூரத்தில் உட்காரலாம். ஒரு லட்சம் பேரோடு கத்துவதும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் கைதட்டல் ஓர் ஆட்டக்காரருக்குத் தனியாகக் கேட்கும் என்றால், அது இங்கேதான்.

தேய்ந்துகொண்டிருப்பவற்றைச் சொல்கிறேன். முன்பெல்லாம் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறும் ஃபுட்பால் ஆட்டக்காரர் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். 2021-ல் அது ஒருமுறைக்குத் தளர்ந்தது, 2024-ல் கட்டுப்பாடே போய்விட்டது. 2021 ஜூலையிலிருந்து ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துப் பணம் சம்பாதிக்கலாம். 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகமே அவர்களுக்கு நேரடியாகப் பணம் பகிர்ந்து தரலாம், முதல் வருடத்துக்கான உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். பணம் கிடைப்பதை நான் மனமார வரவேற்கிறேன். அவர்கள் உழைப்பில் டிவி நிறுவனங்களும் பயிற்சியாளர்களும் சம்பாதித்தது போதும். என் கவலை வேறு. அந்தத் தொகையில் பெரும்பங்கு ஃபுட்பாலுக்கும் கூடைப்பந்துக்கும் போகும்போது, நாடு முழுக்க நீச்சல், ஜிம்னாஸ்டிக்ஸ் போன்ற வரும்படி இல்லாத அணிகளின் கதி என்ன? ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் வைத்திருக்கும் பெரிய பல்கலைக்கழகங்கள் ஏற்கெனவே மிகக் குறைவு. ஃபுட்பால் ஆட்டக்காரர் டெனார்ட் ராபின்சன் ஷூ லேஸ் கட்டாமல் நான்கு வருடமும் இங்கேயே ஓடினார். அவரைப் பார்த்து வளர்ந்த எனக்கு, ஒவ்வொரு வசந்தத்திலும் அணிப்பட்டியலைப் புதிதாக மனப்பாடம் செய்வது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

செலவும் கூடிவிட்டது. பெரிய ஃபுட்பால் அணிகளில் நல்ல இடத்துக்கு டிக்கெட் விலையோடு தனியாக நன்கொடையும் கட்ட வேண்டும். அதற்கு இருந்த வரிச்சலுகையும் 2017 சட்டத்தோடு போய்விட்டது. ஆட்ட நேரத்தை டிவிதான் முடிவு செய்கிறது. மதியமா இரவா என்பது பல சமயம் இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் தெரியும், சில சமயம் அதுவும் இல்லை. 60 நிமிட ஆட்டம் விளம்பர இடைவேளைகளோடு மூன்றரை மணி நேரம் இழுக்கும். மிஷிகன் ஆடும் பிக் டென் லீக் அமைப்பில் 2024 முதல் 18 பல்கலைக்கழகங்கள். எதிரணி கலிஃபோர்னியாவிலும் ஆரெகானிலும் இருந்தால் வெளியூர் ஆட்டத்துக்குக் காரில் போவது நடக்காது. அதே சமயம், 1903-ல் வாங்கிய ஒரு மண் குடத்துக்காக மினசோட்டாவும் மிஷிகனும் ஆடும் ஆட்டமெல்லாம் அட்டவணையில் வருடா வருடம் வருவதில்லை. அந்தக் குடத்தை 30 சென்ட் கொடுத்து வாங்கினார்கள் என்பார்கள். அதற்கு ஈடான கோப்பை எனக்குத் தெரிந்து இல்லை.

யாருக்கு இது ஒத்துவரும்? வருடா வருடம் கோப்பை வேண்டும் என்பவருக்கு ஒத்துவராது. ஓர் ஊரோடு, அங்கே வந்து போகும் பிள்ளைகளோடு நீண்ட உறவு வேண்டும் என்பவருக்கு இதைவிட நல்லது நான் பார்த்ததில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஃபுட்பாலுக்கு செப்டம்பர் ஆட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். டிக்கெட்டும் மலிவு, குளிரும் இருக்காது. பேண்டு உள்ளே வருவதற்கு அரை மணி நேரம் முன்பே உட்கார்ந்துவிடுங்கள். ஜனவரியில் ஹாக்கிக்குப் போங்கள், குழந்தைகளோடு போனால் மாணவர் பகுதிக்குத் தள்ளி இடம் பிடியுங்கள், அங்கே வார்த்தைகள் கொஞ்சம் தடித்து வரும். ஏப்ரலில் சாஃப்ட்பாலுக்கு ஒரு போர்வையோடு போங்கள். வெயில் அடித்தாலும் மிஷிகன் ஏப்ரலை நம்ப முடியாது.